சிவகாசி அய்ய நாடார்: தொழில் மாறிய ஓர் ஊரின் வரலாறு

தொழில் மாறுவது என்றால் நம்மவரில் பலருக்கு ஒரு கூச்சம் உண்டு. ஒரு சாமானைச் செய்து பெயர் எடுத்தவன் வேறொரு சாமானைச் செய்யத் தொடங்கினால், முதல் தொழிலில் தோற்றுப் போனான் என்று கடைவீதியில் பேசிக்கொள்வார்கள். இந்த எண்ணம் சரியன்று. சைக்கிளுக்காக எஃகுக் குழாயை வளைக்கத் தெரிந்த பிறகுதான் எஃகு நாற்காலி உலகில் தோன்றிற்று. 1925-ம் வருஷம் ஜெர்மனியில் மார்செல் பிராயர் என்பவர், தாம் ஏறிச் சென்ற சைக்கிளின் கைப்பிடியைக் கண்டு, அதே மாதிரியான குழாயை வளைத்து நாற்காலி செய்தார். சென்னையில் இது தலைகீழாக நடந்தது. எஃகுத் தளவாடங்கள் செய்துவந்த முருகப்பச் செட்டியார் குடும்பத்தார், 1949-ம் வருஷம் இங்கிலாந்தின் குழாய்க் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் தொழிலை நிறுவினார்கள். சைக்கிளிலிருந்து நாற்காலிக்குப் போனாலும், நாற்காலியிலிருந்து சைக்கிளுக்கு வந்தாலும், நடுவில் மாறாமல் நிற்பது எஃகும், அதைப் பழகிய கையுந்தான்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தொழில் மாறுவது பற்றிய கேள்வி இப்போது வெறும் பேச்சாக இல்லை. 2018-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் உச்ச நீதிமன்றம், வாணங்களில் பேரிய உப்பைச் சேர்க்கலாகாது என்றும், சரவெடி கூடாது என்றும் உத்தரவிட்டது. தீப்பெட்டிக்கோ வேறு வகைச் சங்கடம். வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்த மலிவான லைட்டர்கள் தீக்குச்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதியை இந்திய சர்க்கார் 2023-ல் தடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. இவ்விரண்டு தொழிலும் தளர்ந்தால் வேறு எதைச் செய்வது என்று அங்குள்ளவர்கள் யோசிக்கிறார்கள். அந்த ஊரை ஒரு தரமல்ல, இரண்டு மூன்று தரம் புதுத் தொழிலில் இறக்கிவிட்டவர்களுள் முதன்மையானவரான காலஞ்சென்ற ஸ்ரீ பி. அய்ய நாடாரின் வரலாற்றை இச்சமயத்தில் திரும்பிப் பார்ப்பது பொருத்தமென்று நாம் எண்ணுகிறோம்.

அவர் பிறந்து வளர்ந்த சிவகாசியை இன்றைய சிவகாசியாக நினைத்துவிடக் கூடாது. பழைய ராமநாதபுரம் ஜில்லாவில், மழை பொய்த்த ஒரு மூலையில் இருந்த வியாபார ஊர் அது. கரிசல் மண்ணில் பருத்தியும் கம்பும் விளைந்தால் உண்டு. விளையாவிட்டால் குடியானவன் கூலி தேடி ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் சமூகத்தினர் பல தலைமுறைகளாக மண்டி வைத்து வியாபாரம் செய்துவந்தார்கள். 1899-ல் சிவகாசியில் நடந்த கொள்ளை, அந்தச் சமூகத்தினரின் மனத்தில் ஆழமான தழும்பை உண்டாக்கிற்று. பிறர் தயவை எதிர்பாராமல் தம் காலிலேயே நிற்க வேண்டுமென்ற உறுதி அதனால் வலுத்தது. மகமை என்ற பெயரில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் கொடுத்த சில்லறைக் காசு, கோவிலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறிற்று. விருதுப்பட்டி என்ற பெயரில் இருந்தபோதே விருதுநகர் அந்தக் காசைக் கொண்டு க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டை ஆண்ட காமராஜர் படித்ததும் அங்கேதான்.

ஆனால் வியாபாரம் வேறு, கைத்தொழில் வேறு. மண்டி வைத்திருப்பவன் பிறர் விளைவித்ததை வாங்கி விற்கிறான்; மழை இல்லாத வருஷத்தில் அவன் தராசும் ஓய்ந்துவிடுகிறது. வானத்தை நம்பாத ஒரு தொழில் ஊருக்கு வேண்டுமென்ற எண்ணம் சிவகாசி வாலிபர்கள் சிலருக்கு உண்டானதில் ஆச்சரியமில்லை. அவர்களில் ஸ்ரீ அய்ய நாடாரும், அவருடைய உறவினரான ஸ்ரீ ஏ. சண்முக நாடாரும் 1922-ம் வருஷம் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். கையில் பெரிய மூலதனமில்லை; வங்காளி பாஷை தெரியாது; தீக்குச்சி செய்வதைக் கற்றுவர வேண்டும் என்ற ஒரே எண்ணந்தான் இருந்தது.

தீக்குச்சியைத் தேர்ந்தது ஏன்? அந்த வருஷத்தில் நடந்த ஒரு மாற்றத்தை இங்கே கவனிக்க வேண்டும். அதுவரை இந்தியாவுக்கு வேண்டிய தீப்பெட்டிகளில் பெரும் பகுதி ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1922-ல் சர்க்கார் தன் கஜானாவை நிரப்பிக்கொள்ளும் பொருட்டு இறக்குமதித் தீப்பெட்டியின்மேல் ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி விதித்தது. சாமானின் விலையைவிட வரியே அதிகமாயிற்று. சுதேசித் தொழிலைக் காப்பாற்ற வேண்டுமென்ற கருணையால் வெள்ளைக்கார சர்க்கார் இதைச் செய்யவில்லை. வரவு செலவுப் பற்றாக்குறையால் செய்தது. எனினும், அந்த வரிச் சுவருக்குள்ளே இந்தியன் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி செய்தால் பிழைக்கலாம் என்ற நிலைமை ஏற்பட்டுவிட்டது. டில்லியில் போட்ட கணக்கைச் சிவகாசியில் இருந்துகொண்டு படித்தறிந்ததே முதல் சாமர்த்தியம்.

கல்கத்தாவுக்குப் போனதற்கும் காரணம் உண்டு. 1905-ல் வங்காளத்தைத் துண்டாடியபோது எழுந்த சுதேசிக் கிளர்ச்சி, அந்த மாகாணத்தில் எத்தனையோ சிறு தொழில்களைத் தோற்றுவித்தது. தீப்பெட்டி அவற்றில் ஒன்று. பல ஆலைகள் தோன்றிய வேகத்திலேயே மறைந்தாலும், வித்தை மறையவில்லை. பூர்ணசந்திர ராய் என்பவர் நடத்திவந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் சிவகாசி வாலிபர்கள் இருவரும் சில மாதங்கள் இருந்து வேலை பழகினார்கள். தெற்கே நம் வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டதும் அதே கிளர்ச்சியின் பயனே. பெரிய கப்பலை அன்னிய சர்க்கார் எளிதில் கண்டு அழித்துவிட்டது. தீக்குச்சியை யாரும் பொருட்படுத்தவில்லை, அது பிழைத்துக்கொண்டது.

ஊருக்குத் திரும்பியவர்கள் ஜெர்மனியில் செய்த யந்திரங்களைக் கொண்டு 1923-ல் சிவகாசியின் முதல் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆரம்பித்தார்கள். இதற்குப் பின் அவர்கள் செய்ததுதான் நம் அபிப்பிராயத்தில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி. யந்திரத்தை வைத்து நடத்துவதைவிட, கையாலேயே எல்லாவற்றையும் செய்வது தங்கள் ஊருக்கு ஏற்றது என்று கண்டு, யந்திரத்தை விட்டுவிட்டார்கள். சீமை யந்திரத்தை வாங்கியதே பெருமை என்று எண்ணிய காலம் அது. காசு போட்டு வாங்கியதை ஒதுக்கிவைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்புவதற்கு எவ்வளவு மனத் துணிவு வேண்டும் என்பதை வியாபாரிகள் அறிவார்கள்.

அந்தக் கைவேலையின் அமைப்பைச் சிறிது விளக்குவது அவசியம். தீப்பெட்டி என்பது பார்ப்பதற்கு ஒரு சாமான். செய்வதற்கோ பத்துப் பன்னிரண்டு தனித்தனி வேலைகள். மலையாளத்து மென்மரத்தைச் சீவிக் குச்சியாக நறுக்குவது ஒன்று. நறுக்கிய குச்சிகளை வரிகள் கொண்ட சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்குவது ஒன்று. இதைக் கட்டை அடுக்குதல் என்பார்கள். அடுக்கிய கட்டையின் முனைகளை மெழுகிலும், பிறகு மருந்திலும் தோய்ப்பது, உலர்த்துவது, பெட்டி ஒட்டுவது, பெட்டியில் குச்சி அடைப்பது, பக்கத்தில் உரசும் மருந்து பூசுவது, லேபிள் ஒட்டுவது என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். இவற்றில் தீயோடு உறவாடுவன மருந்து கலக்குவதும் தோய்ப்பதுமாகிய இரண்டொரு வேலைகளே. மற்றவற்றைத் தீப்பெட்டி ஆபீசிலும் செய்யலாம். பெட்டி ஒட்டுவதைப் போன்ற சிலவற்றை வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம். ஆலையை அந்த வட்டாரத்தார் ஆபீஸ் என்றே சொல்வது வழக்கம். மழை இல்லாத ஊர் என்ற குறையும் குணமாக மாறிற்று. குச்சியும் மருந்தும் உலர வறண்ட காற்று வேண்டும். அது அங்கே வருஷம் முழுவதும் வீசிக்கொண்டிருந்தது. வேலையில்லாத கைகளோ ஊர்தோறும் இருந்தன. யந்திரத்துக்குப் பதிலாக ஊரையே ஒரு யந்திரமாக அமைத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. அதன் நன்மையும் தீமையும் இந்த ஒரு செய்கையில் அடங்கியிருக்கின்றன. தீமையைப் பின்னால் சொல்வோம்.

உறவினர் இருவரும் 1926-ல் பிரிந்து தனித்தனியே தொழில் நடத்தினார்கள். அணில், காக்கை என்ற இரு அடையாளங்கள் அவ்வாறு தோன்றியவை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் கடையில் போய் அணில் பெட்டி என்றோ, காக்காப் பெட்டி என்றோ கேட்டு வாங்கலாம். பங்காளிகள் பிரிந்தால் தொழில் அழியும் என்பது நம் நாட்டில் கண்ட அனுபவம். இங்கே அவ்வாறு நேரவில்லை. ஒன்று இரண்டாக, இரண்டு பலவாகத் தீப்பெட்டி ஆபீசுகள் பெருகின. ஓர் ஆபீசில் கணக்கு எழுதியவரோ, மருந்து கலக்கியவரோ, நாலு வருஷம் கழித்துத் தாமே ஓர் ஆபீஸ் வைத்தார். வித்தையைப் பூட்டி வைக்க முடியாத தொழில் அது.

இதே காலத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்றவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த ஐவார் குரூகர் அப்போது உலகத் தீப்பெட்டி வியாபாரத்தின் பெரும் பகுதியைத் தம் கைக்குள் வைத்திருந்தார். பணமுடையுள்ள ராஜாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்தந்த நாட்டின் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்குவது அவருடைய வழி. 1929-ல் ஜெர்மனிக்கு மட்டும் பன்னிரண்டரைக் கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டார். இந்தியாவில் இறக்குமதி வரி குறுக்கே நின்றதால், அவருடைய ஸ்வீடிஷ் கம்பெனி 1923-ல் வரிச் சுவரைத் தாண்டி உள்ளேயே வந்து விம்கோ என்ற கம்பெனியை அமைத்து, பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் யந்திர ஆலையைக் கட்டியது. சிவகாசியில் தொழில் பிறந்த அதே வருஷம்! இவ்வளவு பெரிய யானைக்கு எதிரே சிவகாசி எறும்பு என்ன செய்யும் என்று அன்று யாரும் கேட்டிருக்கலாம். 1928-ல் வரிப் போர்டு இத்தொழிலை ஆராய்ந்ததன் பேரில், இறக்குமதி வரி பாதுகாப்பு வரியாகவே நிலைபெற்றது. 1932-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கணக்குகள் பொய்த்து, கடன்கள் நெருக்கி, குரூகர் பாரிஸ் நகரில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் எழுப்பிய சாம்ராஜ்யம் சரிந்தது. கடன் பத்திரங்களின்மேல் நிற்காத சிவகாசியோ நின்றது. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் சர்க்கார் கலால் வரி விதித்தபோது தொழில் கலங்கிற்றே ஒழிய, கவிழவில்லை.

இனி, தொழில் மாறிய கதைக்கு வருவோம். தீக்குச்சியின் தலையில் உள்ள மருந்தைச் சிறிது நீட்டி, அதில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷிய உப்பையும் பச்சைக்குப் பேரிய உப்பையும் சேர்த்தால், அது விளக்கேற்றும் குச்சியாக இராமல் வேடிக்கை காட்டும் மத்தாப்புக் குச்சியாகிறது. சிவகாசி வாணத் தொழிலின் வித்து இந்த வர்ண மத்தாப்புப் பெட்டிதான். அடுத்த படி கம்பி மத்தாப்பு. கம்பிகளைச் சட்டத்தில் வரிசையாகக் கோத்து மருந்துக் குழம்பில் தோய்த்து உலர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்: அது கட்டை அடுக்கி மருந்தில் தோய்க்கும் அதே வேலை, குச்சியின் இடத்தில் கம்பி வந்திருக்கிறது. எஃகுக் குழாயைப் பழகிய கை சைக்கிளிலிருந்து நாற்காலிக்குப் போனது போல, மருந்தைப் பழகிய கை தீப்பெட்டியிலிருந்து வாணத்துக்குப் போயிற்று.

அதுவரை நம் தீபாவளிக்குச் சீன வெடிகளும் பிற இறக்குமதி வாணங்களும் வந்துகொண்டிருந்தன. 1939-ல் மூண்ட யுத்தம் அந்த வரவை அடைத்தது. 1940-ல் வெடிமருந்து விதிகள் ஏற்பட்டு, லைசென்ஸ் பெற்ற இடத்தில்தான் வாணம் செய்யலாம் என்று ஆயிற்று. ஊருக்கு ஊர் குடிசையில் வெடி கட்டியவர்கள் இதனால் பின்தங்க, கட்டடமும் முதலும் ஒழுங்கான கணக்கும் உடைய சிவகாசிக்காரர்கள் முன்னேறினார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதில் முன் நின்றார்கள். ஸ்டாண்டர்டு போன்ற வேறு பெரிய ஆலைகளும் அந்த நாற்பதுகளிலேயே எழுந்தன. பிற்காலத்தில் இந்தியா கொளுத்தும் வாணத்தில் மிகப் பெரும் பகுதி இந்த ஒரு வட்டாரத்திலிருந்தே போகலாயிற்று.

மூன்றாவது தொழில் அச்சு. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும்; வாணத்துக்குக் கண்ணைப் பறிக்கும் மேலுறை வேண்டும். பிற ஊரில் அச்சிட்டு வாங்குவதற்குப் பதில் லித்தோ யந்திரத்தை ஊருக்கே கொண்டுவந்தார்கள். அணிலையும் காக்கையையும் அச்சடித்த யந்திரம், பின்பு முருகனையும் லக்ஷ்மியையும் காலண்டரில் அச்சடித்து நாட்டின் ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் அனுப்பியது. வாணத்தைத் தீண்டிய தடைகள் அச்சைத் தீண்டவில்லை. இன்று வேறு தொழில் தேடுவோர் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரு தொழிலுக்கு வேலைக்காரனாக வந்தது, அந்தத் தொழில் மெலிந்தபோது ஊருக்குச் சோறு போடுகிறது. குட்டி ஜப்பான் என்று சிவகாசிக்கு வழங்கும் பெயர் இந்த மூன்றையும் சேர்த்தே வந்தது.

இவ்வளவையும் புகழ்ந்த நாம், முன்பு சொல்லாமல் நிறுத்தியதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. ஊரையே யந்திரமாக அமைத்தார்கள் என்றோம். அந்த யந்திரத்தின் மிகச் சிறிய சக்கரங்கள் குழந்தைகளாக இருந்தன. கட்டைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வேலையில், சின்ன விரல்கள் விரைவாக ஓடும் என்பதை ஏழைப் பெற்றோரும் கண்டார்கள், வேலை கொடுத்தவர்களும் கண்டார்கள். விடியுமுன் கிராமங்களிலிருந்து ஆலை வண்டிகள் சிறுமிகளை ஏற்றிக்கொண்டு போன காட்சி, சுதந்திரம் வந்து பல வருஷங்கள் ஆன பிறகும் அந்த வட்டாரத்தில் சாதாரணமாக இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 1996-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம், சிவகாசியைக் குறித்துத் தொடங்கிய வழக்கிலே, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நஷ்ட ஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. யந்திரத்தை விட்டுக் கைவேலையை ஏற்றது ஊருக்குப் பிழைப்புக் கொடுத்தது உண்மை. அந்தக் கை யாருடைய கை என்று கேட்பதற்கு நாட்டுக்கு எழுபது வருஷங்களுக்குமேல் ஆயிற்று என்பதும் உண்மை. இதற்கு ஒரு தனி மனிதரைக் குற்றம் சொல்வது நம் நோக்கமன்று. அந்த மலிவான பெட்டியை வாங்கி அடுப்பு மூட்டிய நாம் அனைவரும் அதில் பங்காளிகளே.

வரி விஷயத்திலும் இவ்வாறு ஒரு முடிச்சு விழுந்தது. சுதந்திர சர்க்கார் கைவேலை ஆபீசுகளுக்குச் சலுகையாகக் குறைந்த வரி விதித்தது, அது நல்லதே. ஆனால் உற்பத்தி கூடினால் வரியும் கூடும் என்பதால், ஒரே குடும்பத்தார் தங்கள் தொழிலைப் பல சிறு ஆபீசுகளாகப் பிரித்து நடத்தினார்கள். சிறியவனாக இருப்பதே லாபம் என்றாகிவிட்டால் ஒருவன் பெரியவனாக வளர்வதை எப்படி எதிர்பார்ப்பது? பெரிய யந்திரமும் நல்ல கட்டடமும் அந்த ஆபீசுகளுக்கு வெகு காலம் வராமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

விபத்துக்களைப் பற்றி விரித்தெழுதக் கை கூசுகிறது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்விலும் வெடிக்கும் என்பதால் 1992-ல் அதை வாணத்தில் சேர்க்கலாகாது என்று விதித்தார்கள். விதி ஏற்பட்டது, விபத்து நிற்கவில்லை. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த ஒரே வெடி விபத்தில் 38 பேர் மாண்டனர். அதன் பின்னும் ஆண்டு தவறாமல் இப்பகுதியிலிருந்து இத்தகைய செய்திகள் வருகின்றன. வறண்ட காற்றும் வேலை தேடும் கைகளும் இருக்கின்றன என்ற பழைய கணக்கில், உயிருக்கு என்ன விலை என்ற பத்தி விடுபட்டுப் போயிற்று.

ஸ்ரீ அய்ய நாடார் தம் பிற்காலத்தில் கல்விக்குக் கொடுத்த தர்மம் அவருடைய பெயரை நிலைநிறுத்துகிறது. 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி சிவகாசியில் நிறுவப்பட்டது. ஒரு தொழிலைக் கற்றுவர ஆயிரம் மைலுக்கு அப்பால் போக வேண்டியிருந்த மனிதர், தம் ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்காக ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டாம் என்று எண்ணியது இயற்கையே. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய தாய்மாரின் மகனும் மகளும் அதே ஊரில் பட்டம் பெற முடிந்தது. படித்தவர்களில் பலர் தீப்பெட்டியின் பக்கமே திரும்பவில்லை. இன்று ஆலைகளில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் குறைப்படுவதற்கு ஒரு காரணம் இதுதான். இந்தக் குறையை நாம் சந்தோஷத்துடன் வரவேற்கிறோம்.

ஆள் குறையவே யந்திரம் திரும்பி வந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளில் முழு யந்திரத் தீப்பெட்டி ஆலைகள் இப்போது ஓடுகின்றன; கட்டை அடுக்கும் வேலையைச் சக்கரங்கள் செய்கின்றன. பதினான்கு வருஷங்களாக ஒரு ரூபாய்க்கு விற்றுவந்த பெட்டி 2021-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதியன்று இரண்டு ரூபாயாயிற்று. மரமும் மெழுகும் அட்டையும் கந்தகமும் விலை ஏறியதே காரணம் என்றார்கள். 1923-ல் இரண்டு வாலிபர்கள் தங்கள் ஊருக்கு ஒவ்வாது என்று ஒதுக்கிய யந்திரம், நூறு வருஷத்துக்குள் அவர்கள் வளர்த்த தொழிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. கைவேலையை இன்னும் நம்பியிருக்கும் சிற்றாபீசுகளோ, அச்சுக்குப் போவதா, வேறு எதற்காவது போவதா என்று முடிவு செய்ய முடியாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கின்றன.